புதுசின் பால்பல்

துருவியின் உண்மைப் பெயர் அவள் வீட்டாருக்கே பாதி மறந்துவிட்டது. எதையும் துருவித் துருவிக் கேட்பாள். தபால்காரர் தும்மினால்கூட, "இவரு ஏன் நம்ம வீட்டு வாசல்ல மட்டும் தும்முறாரு?" என்பாள்.

அன்று அவள் வகுப்புக்கு வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அக்கா வந்தார். கையில் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குப்பிகள்.

"விழுந்த பால்பல் வீட்ல இருந்தா, நாளைக்கு எனக்குக் கொண்டுவந்து தருவீங்களா?"

துருவியின் கண்கள் சுருங்கின. "எங்க பல்லு உங்களுக்கு எதுக்கு?"

வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி. சில வருஷம் முன்னாடி ஒரு அணு உலை வெடிச்சுது இல்ல? அப்படி வெடிச்சா, கதிர்வீச்சு உள்ள தூசி பறக்கும். அது புல்லுல விழும். மாடு அந்தப் புல்லைத் தின்னும். பாலைக் குடிக்கிற குழந்தையோட பல்லுல அது கொஞ்சம் தங்கிடும். பல நாட்டு ஆராய்ச்சிக்காரங்க சேர்ந்து பல்லைச் சோதிக்கிறோம். அந்தக் குழந்தைங்க பெரியவங்க ஆனப்புறம் உடம்பு எப்படி இருக்குன்னும் பார்ப்போம். ஆனா, பிறந்த ஊரைச் சரியாச் சொல்லணும். தப்பாச் சொன்னா எங்க கணக்கே தப்பாயிடும்."

மறுநாள் வரிசை கதவுவரை நீண்டது. பல் விழாத ஒருவன், ஆடுகிற பல்லை அங்கேயே நின்று ஆட்டிக்கொண்டிருந்தான்.

புதுசின் முறை வந்தது. போன மாதம்தான் பள்ளியில் சேர்ந்தான். அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

"எந்த ஊருப்பா?"

"இந்த ஊர்தான்."

துருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுகொண்டு, "பள்ளிக்கூடம் எங்க இருக்கு?" என்று அவளிடம் கேட்டவன் ஆயிற்றே! ஏன் புளுகுகிறான்? போலீசுக்குப் பயந்து ஓடிவந்த குடும்பமோ? அந்தப் பல்லாவது அவனுடையதுதானா?

இடைவேளையில் பின்தொடர்ந்தாள். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"டேய், நீ இந்த ஊர்னா, சந்தை எந்தப் பக்கம்? சொல்லு பார்ப்போம்."

புதுசு யோசித்து, தலைமையாசிரியர் அறைப் பக்கம் கையைக் காட்டினான்.

"மாட்டினியா! பொய்தானே சொன்னே?"

அவன் கண்கள் கலங்கின. "யார்கிட்டயும் சொல்லிடாத. நான் கைக்குழந்தையா இருந்தப்ப அணு உலை வெடிச்சுதே, அந்த ஊர்தான் எங்க ஊரு. பழைய பள்ளிக்கூடத்துல அது தெரிஞ்சதும் எல்லாரும் பெஞ்சைத் தள்ளிப் போட்டுக்கிட்டாங்க. கதிர்வீச்சு ஒட்டிக்குமாம். இங்க வாயே திறக்காதேன்னு அம்மா சொன்னாங்க."

துருவியின் கால் தானாகவே ஓரடி பின்னால் போனது. அவன் அதைப் பார்த்துவிட்டான். தலையைக் குனிந்துகொண்டான்.

துருவிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பயமாகவும் இருந்தது. ஒருவேளை நிஜமாகவே ஒட்டுமோ? சந்தேகம் வந்தால் கேட்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

மணி அடித்ததும் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கினாள்.

"அக்கா, உலை வெடிச்ச ஊர்ல இருந்து ஒருத்தர் வந்து நம்ம பக்கத்துல உக்காந்தா, நமக்கும் ஒட்டிக்குமா?"

பின் பெஞ்சில் புதுசின் முகம் வெளுத்தது.

"ஒட்டாது," என்றார் அக்கா.

"கையைப் பிடிச்சா?"

"ஒட்டாது."

"ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா?"

"ஒட்டாது."

"அவங்க தும்மினா?"

"சளி ஒட்டும்! அதுக்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தமே இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஊர்ப் பிள்ளைங்களோடதான் நான் தினமும் வேலை செய்யறேன். அவங்க பல்லுதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். ஆனா, மத்தவங்க ஒதுக்கிடுவாங்கன்னு பயந்து பாதிப் பேர் ஊரையே சொல்றதில்ல."

துருவி பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின் பெஞ்சுக்குப் போனாள். புதுசின் தோள் இடிக்கும்படி உட்கார்ந்தாள்.

"நல்லா விசாரிச்சாச்சு. ஒட்டாதாம்," என்று கிசுகிசுத்தாள். "சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

புதுசு மேசையைப் பிடித்தபடி எழுந்தான்.

"அக்கா, நான் ஊரை மாத்திச் சொல்லிட்டேன்." பிறகு, தன் ஊரின் பெயரைச் சத்தமாகச் சொன்னான்.

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. துருவி ஒவ்வொரு முகத்தையும் சந்தேகமாக முறைத்தாள். யார் எழுந்து போகப் போகிறார்கள்?

பல் ஆட்டிக்கொண்டிருந்தவன்தான் முதலில் எழுந்தான். பையோடு அவர்களை நோக்கி வந்தான்.

"டேய், வெடிச்சப்ப சத்தம் கேட்டுச்சா? எனக்கும் இடம் விடு."

"நான் கைக்குழந்தைடா!"

அவனைப் பார்த்து இன்னும் இருவர் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். ஓரத்தில் நசுங்கிக்கொண்டிருந்த புதுசு, சிரிப்பு தாங்காமல் கத்தினான்.

"கொஞ்சம் தள்ளித்தான் உக்காருங்களேன், மூச்சு முட்டுது!"