வாசலில் நிற்பவருக்கு ஒரு ‘வாங்க’

வெயில் தென்னந்தோப்புக்குப் பின்னால் இறங்கத் தொடங்கினால் போதும், பழனாத்தாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். குமட்டல் என்று நினைத்து மருமகள் நர்மதா முதலில் கிண்ணத்தோடு ஓடினாள். குமட்டல் இல்லை. யாருக்கோ பதில் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல் மாமியார் உதடுகளை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மறதி நோய். பெற்ற மகன் சிவப்பிரகாஷின் பெயரும் போய், சோறு எது, கைகழுவும் தண்ணீர் எது என்பதும் போய், இப்போது கோயமுத்தூரில் ஒரு புது மருந்து ஆய்வில் சேர்த்திருந்தார்கள். முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாமே என்று கொழிஞ்சாம்பாறைச் சொந்தங்கள் சொன்னபோது நர்மதா சண்டைக்கே போய்விட்டாள். தாயில்லாமல் இந்த வீட்டுக்கு வந்தவளுக்குத் தலை வாரிவிட்டவள் அத்தை. அவளை ஒருநாளும் தனியே விடுவதில்லை.

ஆய்வு டாக்டர் ஜானவி, கல்பாத்திக்காரி, போனில் சொன்னாள்: “எதைப் பாக்கறேன்னு சொன்னாலும் மறுக்காதேங்கோ. கூடவே ஒத்துப் போங்கோ. பயம் தன்னால கொறையும்.”

அன்று சாயங்காலம் அத்தை விரலிடுக்கில் முனகினாள். “வந்து நிக்கறாங்க.”

“யாருங்க அத்தை?”

அத்தையின் விரல்கள் வாய்மேல் இன்னும் இறுகின. கண்ணீர் வழிந்தது.

நர்மதாவுக்குச் சட்டென்று விளங்கியதுபோல் இருந்தது. வாசலுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காவிட்டால், வாய்விட்டு வரவேற்காவிட்டால், இந்தப் பக்கத்தில் உறவே முறிந்துபோகும். ஒரு சீர் விசேஷத்தில் அப்படிக் கேட்கத் தவறியதற்குப் பெரியப்பா வீடு இன்றுவரை முகம் கொடுப்பதில்லை. பாவம், அந்த ஒரு சொல்லும் மறந்துபோய்த் தவிக்கிறாள் போலிருக்கிறது. ஆளில்லாத வாசலைப் பார்த்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நர்மதா சொன்னாள்: “வாங்க, உள்ள வந்து உக்காருங்க.”

அத்தை அலறினாள்.

தூர் வாராத கிணற்றின் வாடை ஒன்று நிலைப்படியைத் தாண்டி, நர்மதாவின் முழங்கையை உரசி, மெல்ல உள்ளே போனது. மூலையில் கிடந்த பிரம்பு நாற்காலி, கனத்த உடம்பொன்று பார்த்துப் பார்த்து உட்காருவதுபோல் ஒவ்வொரு பிரம்பாக முறுகியது. காற்று என்று சொல்லிக்கொண்டாள். மலைக்கணவாய்க் காற்று இங்கே எதைத்தான் ஆட்டாது. ஆனால் வெளியே ஒரு தென்னோலையும் அசையவில்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், தெளிந்த குரலில் அத்தை கூப்பிட்டாள். “நர்மதா.”

எத்தனை மாதமாகக் கேட்காத பெயர்! மருந்து வேலை செய்கிறது. நர்மதா அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

“அம்மிணி, அது எந்திரிச்சுப் போயிருச்சா?”

“எதுங்க அத்தை?”

“நேத்து நீ உள்ள கூப்பிட்டது. தெனமும் வாசல்ல நின்னு, வாங்கன்னு ஒரு வார்த்தை கேளு, கேளுன்னுது. எனக்கு எல்லாமே மறந்துச்சு, கண்ணு. இதை வாங்கன்னு கேக்கக் கூடாதுங்கறது மட்டும் மறக்கல. வாயப் பொத்திட்டே கெடந்தேன்.”

மூலையில் பிரம்பு முறுகியது.

வேலைக்குப் போயிருந்த சிவப்பிரகாஷைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. போனைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினாள். மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கொட்டகையில் மாடுகள் அசையாமல் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றன.

அத்தையைத் தனியே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

திரும்பி ஓடினாள். படியில் கால் வைத்தாள். நின்றாள்.

நாற்காலி காலி.

கட்டிலில் அத்தை. கண்கள் இவளையே பார்த்தன. வராதே, வராதே என்று தலை அசைந்தது. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

வாயை வேறொரு கை பொத்தியிருந்தது.

உள்ளிருட்டிலிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, நர்மதாவின் குரல் நர்மதாவைக் கேட்டது.

“வாங்க, உள்ள வந்து உக்காருங்க.”