மூன்றாவது மூச்சு

“இந்த வீட்டில் இப்போது மூன்று பேர் மூச்சு விடுகிறார்கள்” என்றது சுவர். உடனே அபாயச் சங்கு அலறத் தொடங்கியது.

செவ்வாய்க் கிரகத்தின் செம்மேடு நகரத்தில் மூச்சை எண்ணுவது அன்றாட வேலை. எல்லா வீட்டுச் சுவர்களும் அதைச் செய்கின்றன. காலையில் எழுந்ததும், நேற்று யார் எவ்வளவு காற்றை இழுத்தார் என்று சொல்லும். குறட்டை விட்டவர் பெயரைத் தனியாகச் சொல்லும். எண்ணிக்கை சரியாக இருக்கும்வரை யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இன்று எண்ணிக்கை தவறியது. நாற்பத்தோராம் எண் வீட்டில் குடியிருப்பவர்கள் இரண்டே பேர். அங்கயற்கண்ணி, அவள் கணவன் பூவராகன்.

அப்போது பகல் பதினொரு மணி. பூவராகன் கூடத்திலிருந்து தடதடவென்று ஓடி வந்தான். மனைவி உட்கார்ந்திருந்த அறைக்குள் நுழைந்து, அவள் வயிற்றைப் பார்த்தான்.

“அங்கை, விசேஷமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“வயித்துல இருக்கிற பிள்ளை மூச்சு விடாதுங்க” என்றாள் அங்கயற்கண்ணி. “வீட்டுக்குள்ள ஆள் புகுந்திருக்கு. கதவைச் சாத்துங்க.”

எதிர்ச்சுவரிலிருந்து சிரிப்பொலி கிளம்பிச் சட்டென்று நின்றது. அந்தச் சுவர் முழுக்கப் பெண்களின் முகங்கள். எண்பது பேர். அவரவர் வீட்டிலிருந்தபடி பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடத்தின் தலைப்பு, ‘வீட்டுக்குள் அந்நியர் புகுந்தால்’. ஆசிரியை, அங்கயற்கண்ணி.

செம்மேட்டில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. மூச்சுப்பூட்டைக் கண்டுபிடித்தவள் அவள்தான். கைரேகையைப் போல மனித மூச்சுக்கும் ஆளுக்கு ஆள் தனி வாசனை உண்டு. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட அது ஒன்றாக இருக்காது. வாசற்கதவில் ஒரு சின்னக் குழல். அதில் ஊதினால், அந்த வீட்டு மூச்சாக இருந்தால் மட்டும் கதவு திறக்கும். இல்லையென்றால் வீட்டிலிருப்பவர் உள்ளேயிருந்து உத்தரவு கொடுக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. மூவாயிரம் வீடுகளில் அந்தப் பூட்டு இருக்கிறது. ஆறு வருடங்களில் ஒன்றைக்கூட யாரும் உடைத்ததில்லை.

அதைத் தினமும் திட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் பூவராகன்தான். செம்மேட்டுத் தெருக்களில் காற்று மெலிது. எல்லோரும் தலையை மூடும் முகக்கூடு அணிந்தே நடப்பார்கள். உள்ளிருந்து பேசினால் யார் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் கேட்கும். வாசலில் அதைக் கழற்றி, குழலில் ஊத அவனுக்குச் சோம்பல். விரல் முட்டியால் கதவைத் தட்டிவிட்டு நிற்பான். அன்று காலையில்கூட அதற்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு நானே கூட்டைக் கழட்டி ஊதித் திறந்துட்டுத்தான் வந்தேன்” என்றான் இப்போது, பெருமையாக.

“பாராட்டு விழா அப்புறம் வச்சுக்கலாம். கையில என்ன?”

“தோசைக்கரண்டி.”

“கீழே போடுங்க. அவன் அதைப் பிடுங்கிக்கிட்டா, ஆயுதம் அவன் கைக்குப் போயிரும்.”

சுவரில் ஒரு பெண் கை தூக்கினாள். “மேடம், வகுப்பை நிறுத்திடலாமா?”

“எதுக்கு? இத்தனை நாள் வாயால சொன்னதை நேர்ல பாருங்க.”

அவள் குரலில் துளி நடுக்கம் இல்லை. அவள் இருந்தது ஒதுங்கறை. ஒவ்வொரு வீட்டிலும் உருக்குக் கதவு போட்ட அறை ஒன்று வேண்டும் என்று ஊரை நச்சரித்துக் கட்டவைத்ததும் அவள்தான். கதவைத் தாழிட்டாள். மணிக்கட்டைத் தட்டிக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னாள். ஆறு நிமிடத்தில் வருவதாகப் பதில் வந்தது.

“தேடிக்கிட்டு நாமளே போறதில்லை. அது வீரம் இல்லை, அசட்டுத்தனம்” என்றாள் வகுப்பைப் பார்த்து. பிறகு குரலை உயர்த்தினாள். “முனியா! ஆள் எங்கே?”

முனியன் அந்த வீட்டின் எந்திரக் காவலன். ஆறடி உயரம். சுத்தத் தமிழ். “சேமிப்பறையில் இருக்கிறார். காற்றுக்குடுவைகளைக் கழற்றிப் பையில் போடுகிறார்.”

பூவராகன் பல்லைக் கடித்தான். “இவ்வளவு நேரம் நீ என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?”

“அவர் உள்ளே வந்தபோது வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார்.”

அதில் முனியனைக் குறை சொல்ல முடியாது. முறையாகத் திறந்த கதவு வழியாக வருகிறவர் செம்மேட்டுச் சட்டப்படி விருந்தினர். அவர் இழுக்கும் காற்றைப் பற்றி நாற்பது நிமிடம்வரை வீடு வாய் திறக்கக் கூடாது. விருந்துக்கு வந்தவர் முன்னால் மூச்சை எண்ணுவது மரியாதை இல்லை என்று குடியேறிய தலைமுறை எழுதிவைத்த விதி அது.

எதிர்ப்புக்கும் சட்டம் இருந்தது. குரல், காற்று, வலை, மின்னடி என்று நான்கு படிகள். கீழ்ப்படி பலிக்காதபோதுதான் மேற்படிக்குப் போகலாம். தாண்டிக் குதித்தால் குற்றவாளி வீட்டுக்காரர்தான். அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்தே செம்மேட்டில் எல்லோரும் நிதானமாக இருந்தார்கள்.

“யாரப்பா அது சேமிப்பறையில?” என்றாள் அங்கயற்கண்ணி. அவள் குரல் வீடெங்கும் ஒலித்தது. “நீ இருக்கிறது தெரிஞ்சுபோச்சு. போலீசுக்குச் சொல்லியாச்சு. பையை வச்சிட்டு வெளியே வா.”

கழற்றும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கேட்டது.

“முனியா, இரண்டாம் படி. அந்த அறையில காற்றை மெலிசாக்கு. மலை உச்சியில இருக்கிற அளவு போதும்.”

“மொத்தமா நிறுத்தித் தொலை!” என்றான் பூவராகன்.

“அவனை நிறுத்தத்தான் நமக்கு உரிமை. கொல்றதுக்கு இல்லை.”

“மேடம், இது பரீட்சைல வருமா?” என்றது சுவரில் ஒரு குரல்.

ஒரு நிமிடம் போனது. சேமிப்பறையிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு ஓர் ஆண் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியபடி. “எனக்குக் குறையொண்ணும் இல்லம்மா! இங்கதான் இருபது குடுவை இருக்கே. ஒண்ணைத் திறந்துக்கிட்டேன்.”

எண்பது முகங்களும் ஆசிரியையைப் பார்த்தன. அவள் கண் இமைக்கவில்லை. “எதிராளிக்கும் மூளை உண்டு. அதையும் குறிச்சுக்கோங்க. முனியா, வலையோட அந்த அறை வாசல்படி வரைக்கும் போ.”

முனியனின் கனத்த காலடி நடையில் ஒலித்தது. அது சேமிப்பறையை எட்டியதும் அலறல் வந்தது. “கிட்ட வராதே! கையில துளைப்பான் வச்சிருக்கேன். சுவத்துல ஓட்டையைப் போட்டுருவேன்!”

பூவராகனின் முகம் வெளிறியது. அந்தச் சுவருக்கு அப்பால் செவ்வாயின் வெட்டவெளி. விரல் நுழையும் ஓட்டை விழுந்தால் வீட்டுக் காற்று முழுவதும் மூன்று நிமிடத்தில் காலி.

“முனியா, நில். நாலடி பின்னால போ” என்றாள் அங்கயற்கண்ணி. “வாசற்கதவைத் திறந்து வை.”

“திறக்கிறதா? விட்டுடப் போறியா அவனை?”

“மூலையில மாட்டினவன்தாங்க ஆபத்து. ஓட வழி இருந்தா யாரும் சுவத்தைத் துளைக்க மாட்டாங்க.” அவள் மறுபடி குரலை உயர்த்தினாள். “இதைக் கேளுப்பா. அந்தச் சுவத்தைத் துளைச்சா முதல்ல போறது நீதான். நாங்க இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கோம். இப்ப வாசல் திறந்திருக்கு. முனியன் ஒதுங்கி நிக்கிறான். எல்லாத்தையும் வச்சிட்டுப் போயிரு. நாங்க யாரும் உன்னைத் துரத்த மாட்டோம்.”

கனமான எதுவோ தரையில் விழுந்தது. “துளைப்பானைக் கீழே போட்டுவிட்டார்” என்றான் முனியன். நடையில் தள்ளாடும் காலடிகள் வாசலை நோக்கி ஓடின. அடுத்த வினாடி தொம்மென்று ஒரு மோதல்.

ஆறு நிமிடம் முடிந்திருந்தது. ஓடிய ஆள் ஆய்வாளர் இருதயராஜின் அகன்ற மார்பில் போய் முட்டி, அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

உருக்குக் கதவு திறந்தது. விலங்கோடு அவனை ஒதுங்கறைக்கே கூட்டி வந்தார் இருதயராஜ். நாற்பத்தைந்து வயது இருக்கும். சவரம் செய்யாத சாதுவான முகம். பெயர் பலவேசம் என்றான்.

“ஒரு கீறல் இல்ல, ஒரு குடுவை போகல” என்றார் ஆய்வாளர். “இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பொம்பளையை நான் பார்த்ததில்ல மேடம்.”

சுவர் முழுக்கக் கைதட்டல். பூவராகன், தோசைக்கரண்டியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தானும் தலைகுனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டான்.

அங்கயற்கண்ணி மட்டும் சிரிக்கவில்லை. “இவன் எப்படி உள்ளே வந்தான்?” என்றாள்.

கைதட்டல் தேய்ந்து நின்றது. அங்கிருந்த எல்லோருக்கும் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. ஒரு திருடன் மாட்டிக்கொண்டது சின்ன விஷயம். பூட்டு தோற்றிருந்தால் மூவாயிரம் வீட்டுக் காற்றும் திறந்த வீட்டுக் காற்றுதான். அவளுடைய ஆறு வருடப் பெயரும் அதோடு போய்விடும்.

“யாருக்காவது நீங்க கதவைத் திறந்தீங்களா மேடம்?” என்றார் ஆய்வாளர்.

“காலைல எட்டரைக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்தேன். எந்திரிக்கவே இல்லை. எண்பது பேர் சாட்சி.”

எண்பது தலைகளும் ஆமாம் என்று ஆடின.

“முனியா, பூட்டின் பதிவைப் படி.”

“காலை பத்து இருபதுக்குக் கதவு திறந்தது. உத்தரவு இல்லத்தலைவியினுடையது. வீட்டுக்குள்ளிருந்து வந்தது. குரல் சரிபார்க்கப்பட்டது. ஐயம் ஏதும் இல்லை.”

அங்கயற்கண்ணி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என் குரல்” என்றாள். “வெளியே நின்னுக்கிட்டு என் குரலை உள்ளே உருவாக்கியிருக்கான். சுவத்துக்குள்ள ஓடுற நரம்புவழியா நுழைஞ்சிருக்கணும். பூட்டு என்னையே நம்புற மாதிரி... நான் பத்து வருஷம் யோசிச்சாலும் எனக்கு இது தோணியிருக்காது.”

இருதயராஜ் பலவேசத்தை மேலும் கீழும் பார்த்தார். இப்போது அந்தப் பார்வையில் கொஞ்சம் பயமும் இருந்தது.

“எத்தனை வீடுடா?”

“இதோட பதினேழுங்கய்யா.”

“பதினேழா! எங்களுக்கு ஒரு புகார்கூட வரலையே?”

“ஆளுக்கு ஒரு குடுவைதாங்கய்யா எடுப்பேன். வீட்டுக்காரரு வீட்டுக்காரம்மாவைச் சந்தேகப்படுவாரு, அந்தம்மா அவரைச் சந்தேகப்படும். இங்கதான் இருபதைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போச்சு. நேரமாயிட்டுது.”

சுவரில் சில பெண்கள் திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டவர்கள்போல் பக்கத்து அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கயற்கண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தோற்றாலும் ஒளிந்துகொள்ளும் ரகமில்லை அவள். “இன்ஸ்பெக்டர், ஊர் ஒலிபெருக்கியில சொல்லிடுங்க. மூச்சுப்பூட்டை இனிமே நம்ப வேண்டாம்னு. மூவாயிரத்தையும் நானே கழட்டித் தர்றேன்.”

ஆய்வாளர் தயங்கி மணிக்கட்டை வாயருகே கொண்டுபோனார்.

“ஒரு நிமிஷம்.” அவள் எழுந்து பலவேசத்தின் எதிரே போய் நின்றாள். மாணவி ஆசிரியரிடம் கேட்பதுபோல் இருந்தது அவள் குரல். “உங்களைத் திட்டப் போறதில்லை. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். என்ன கருவி அது? குரலை எங்கேயிருந்து எடுத்தீங்க? நரம்புவழியா வந்தீங்களா, இல்லை பூட்டோட மூளைக்குள்ளேயே புகுந்துட்டீங்களா?”

பலவேசம் அவளைப் பார்த்தான். ஆய்வாளரைப் பார்த்தான். சுவரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த எண்பது முகங்களையும் பார்த்தான். விலங்கு மாட்டிய கைகளைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டான். சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது.

“கருவியெல்லாம் ஏதும்மா? கதவைத் தட்டுனேன், பாடம் சொல்லிக்கிட்டே ‘யாரு?’ன்னு கேட்டீங்க, ‘நாந்தான்’னேன், ‘முனியா, திற’ன்னுட்டு நீங்க பாட்டுக்குப் பாடத்தைத் தொடர்ந்தீங்க.”