ஓரம் மடங்கிய நோட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இன்றைக்கு ஒரு திருட்டுக் கதை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. காணாமல் போனது ஒரு நீல நோட்டு. கண்டுபிடித்தவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். தடயம் எதையும் மடியில் ஒளித்துவைக்க மாட்டேன்; எல்லாம் உங்கள் கண்முன்னாலேயே கிடக்கும். எனக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஞாயிறு, காலை 7.30.

பூங்காவின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு குட்டைச் சுவர். அதில் ஒரு செங்கல் மட்டும் தளர்ந்திருந்தது. ஒயர்மேன் அதை உருவிவிட்டு, பொந்துக்குள் கைவிட்டுத் தகர டப்பாவை எடுத்தான். மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"அக்கா, இது நம்ம நோட்டு இல்ல."

அவன் கையில் இருந்தது சிவப்பு அட்டை போட்ட புது நோட்டு. பக்கங்களில் ஓர் எழுத்துகூட இல்லை. மேல் மூலை மட்டும் நாய்க்காது போல மடங்கியிருந்தது.

அவர்கள் ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பா தேடுகிறவர்கள். ஜியோகேச்சிங் என்பார்கள். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்துவைப்பார்; இடத்தின் எண்களைப் போனில் போட்டால் ஓர் அம்புக்குறி வழிகாட்டும்; கையில் போனைப் பிடித்தபடி அதன் பின்னாலேயே போய்த் தேடவேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் தேதி, நேரம், கையெழுத்து. டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்கவேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

இந்த டப்பாவை ஒளித்தவர் டீச்சர். நோட்டின் முதல் பக்கத்தில் விளையாட்டின் விதிகளை அவரே எழுதி, கடைசிப் பக்கம் வரை எண் போட்டுவைத்திருந்தார். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஒரு காலை வேளை, வீட்டில் தனியாக இருந்தபோது நெஞ்சுவலி. கணவர் கடிகாரக்காரர் கடையிலிருந்து வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தக் கடிகாரக்காரர்தான் இப்போது சுவரோரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வாழ்நாளெல்லாம் லென்ஸ் மாட்டிப் பார்த்த கண்கள் மங்கிவிட்டன. மறுநாள் பத்து மணி ரயிலில் மகள் வீட்டுக்கு, ஒரேயடியாகப் போகிறார். அந்த நோட்டை எடுத்துப்போய், மகளை விட்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். அவர் வேறெதையும் ஆசைப்படவில்லை. நேற்று மதியம்தான் இதைக் குரல் பதிவாக எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

"அது இல்லாம நான் எப்படிப் போறது?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

பில்லக்காவுக்கு அந்தக் குரல் தாங்கவில்லை. அவள் முன்னால் வந்தாள்.

பில்லக்கா பூங்காவுக்கு எதிரே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் இருபது வருஷமாக இருப்பவள். மாலை ஐந்து மணியானால் அடிபட்ட பொருள், அட்டை நசுங்கிய பொருள் இவற்றின்மேல் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் பொறுப்பு. கிழமைக்கு ஒரு நிறம்: வெள்ளி நீலம், சனி மஞ்சள், ஞாயிறு பச்சை. கடை மூடும்போது மிச்சத்தை உரித்துவிடவேண்டும். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்றைக்கு வேறொரு பெண் ஒட்டுவாள்.

காலை 7.40.

"செங்கல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எப்பவும் போலதான். பாசி வெளிப்பக்கம் தெரியற மாதிரி," என்றான் ஒயர்மேன்.

"வெளியாள்னா செங்கலைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பான். இவங்க பாசி பார்த்து வச்சிருக்காங்க. எடுத்ததுக்குப் பதிலா ஒண்ணு வச்சும் இருக்காங்க. நம்ம ஆளுதான்."

வேன்காரர் செருமினார். "நம்ம அஞ்சு பேர்ல ஒருத்தர்ங்கறியாம்மா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கேட்டுடறேன், பதில் சொல்லிடுங்க. நீ முதல்ல."

"பில் போடற மாதிரி எங்களை ஸ்கேன் பண்றீங்களேக்கா," என்று சிரித்தான் ஒயர்மேன். "நேத்து சாயந்திரம் நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு வந்தேன். பென்சில் மொட்டையாயிடுச்சு, மாத்தி வச்சேன். டப்பாவை போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். நீல நோட்டு அதுல இருக்கு பாருங்க. அப்புறம் நாலரைக்கு உங்க வீட்லதான ஃபேன் மாட்டினேன்? ஆறரை வரைக்கும் ஏணி மேல நின்னேன். நடுவுல ஒரு டீ கொடுத்தீங்க, சர்க்கரை இல்லாம."

"சர்க்கரை போட்டேன்டா. நீ கலக்கல. அண்ணே, நீங்க?"

"நாலு மணிக்கு விமான நிலையம் சவாரி. அஞ்சே காலுக்குப் பாலத்துமேல மாட்டிக்கிட்டு நின்னேன். போட்டோ போட்டேனே."

போட்டிருந்தார். கடிகாரக்காரர் வீட்டில் சாமான் கட்டுகிறவர்கள் ஏழு மணி வரை இருந்தார்கள். அதோடு, தனக்கே வரப்போகும் நோட்டை அவர் ஏன் திருடவேண்டும்?

மிச்சம் தையலம்மா. டீச்சரின் ஒரே தங்கை. பில்லக்காவுக்கு உயிர்த்தோழி. சனிக்கிழமை தோறும் இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள்: தபாலாபீஸ், மின்கட்டணம், மருந்துக்கடை, கடைசியில் மார்க்கெட். தையலம்மாவின் பையில் ஒரு பழைய ஊசிப்பெட்டி இருக்கும். அதற்குள் ஊசி கிடையாது; கத்தரித்த கூப்பன்கள், கடைசித் தேதி வாரியாக. தள்ளுபடி விலைக்குமேல் கூப்பனையும் நீட்டி, பில்லைப் பார்த்து அவள் சிரிக்கிற சிரிப்பு அந்தக் கடை முழுக்கப் பிரசித்தம்.

அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டப்பாவை எட்டிப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

"உனக்கு நேத்து காய்ச்சல், இல்ல?"

"ஆமாக்கா. அதான் கடைக்கு வரலைன்னு சொன்னேனே. வாசப்படி தாண்டல."

காலை 8.05.

பில்லக்கா காவலாளியிடம் போனாள். நேற்று ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டியிருக்கிறார். இன்று ஆறு மணிக்குத் திறந்ததிலிருந்து தோட்டக்காரர் அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

திரும்பி வந்து சிவப்பு நோட்டைக் கையில் வாங்கினாள். மடங்கிய மூலையை நீவினாள்; வெள்ளி இரவு சரக்கு இறக்கும்போது அவள் கையிலிருந்து விழுந்த பெட்டி நோட்டுகளிலும் இதே மூலைதான் மடங்கியிருந்தது. பின்னட்டையைத் திருப்பினாள். ஏதோ ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிய இடம்; அதன் ஓரத்தில் அரிசி அளவு மஞ்சள் காகிதம்.

அவள் மனம் துள்ளியது. அதை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறாள். ஆனால் அந்த நேரம் துள்ளியதென்னவோ நிஜம்.

தள்ளிப் போய்ச் சனிக்கிழமைப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"ஓரம் மடங்கின சிவப்பு நோட்டு நேத்து எத்தனை போச்சு?"

"ஒண்ணே ஒண்ணுதான்கா. அஞ்சு பத்துக்கு. ஸ்டிக்கர் விலைக்கு மேல கூப்பன் வேற கொடுத்தாங்க, அதான் நேரம் ஞாபகம் இருக்கு, மிஷின் ரெண்டு தரம் எடுக்கல. ஆளை நிமிர்ந்து பார்க்கலக்கா, பின்னாடி ஏகப்பட்ட கூட்டம்."

பார்த்தீர்களா, எல்லாம் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். அதற்குள் யார் என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

காலை 8.20.

பில்லக்கா எல்லோரையும் பெஞ்சருகே கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை கடை மூடற நேரத்துல சரக்கு இறக்கும்போது ஒரு பெட்டி நோட்டு என் கையிலிருந்தே நழுவி விழுந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே மூலை மடங்கிடுச்சு. அந்த நோட்டுல ஒண்ணுதான் இது. அதுக்கு ஸ்டிக்கர் ஒட்டினது நேத்து அஞ்சு மணிக்குதான். நேத்து சனி. மஞ்சள். இதோ இருக்கு. அப்போ இதை வாங்கினது அஞ்சு மணிக்குமேல. ஆறுக்குப் பூங்கா கேட்டு பூட்டிடறாங்க. நோட்டு மாறினது அந்த ஒரு மணி நேரத்துல."

"சரி," என்றார் வேன்காரர்.

"அந்த நேரத்துல இவன் என் வீட்டு ஏணி மேல. நீங்க பாலத்து மேல. ஐயா வீட்ல சாமான் கட்டறாங்க." சிவப்பு நோட்டைத் தூக்கிக் காட்டினாள். "கேட்டு பூட்டறதுக்குள்ள வேலையை முடிக்கணும். அலமாரியில நல்ல நோட்டு அடுக்கி வச்சிருக்கு. எடுத்துக்கிட்டு ஓடவேண்டியதுதான். ஆனா எடுத்தவங்க அஞ்சு மணி ஆகட்டும், விலை குறையட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அதுக்கு மேல ஒரு கூப்பனும் கொடுத்திருக்காங்க. திருடப் போற நேரத்துலயும் பழக்கம் விடல. இந்த ஊர்ல அப்படி ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும்."

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள்.

"ஏன் எடுத்தே?" என்று கேட்டாள் பில்லக்கா.

அங்கேதான் கண்ணுகளா, அவள் தப்பு செய்தாள். யார் என்று தெரிந்தது, எப்படி என்று தெரிந்தது. ஏன் என்பதைத் தனியாகக் கேட்டிருக்கவேண்டும். நான்கு பேர் நடுவில் கேட்டுவிட்டாள்.

தையலம்மா சால்வைக்குள் கைவிட்டு நீல நோட்டை எடுத்தாள். அதைக் கூடவே கொண்டுவந்திருந்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"திருப்பி வச்சிடலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். எல்லாரும் எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க."

"ஏன் சின்னவளே?" என்றார் கடிகாரக்காரர். டீச்சரும் அவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அத்தான், அக்கா போன அன்னைக்கு எனக்கு மூணு தரம் கூப்பிட்டா. போன் உள்ள சார்ஜில இருந்துச்சு, மிஷின் சத்தத்துல கேக்கலன்னு உங்ககிட்ட சொன்னேன். பொய்." பக்கத்தைத் திருப்பினாள். தேட வேண்டியிருக்கவில்லை, விரல் தானாகப் போய் நின்றது. "நாற்பத்தி ஒண்ணாம் பக்கம். அன்னைய தேதி. பதினொண்ணு இருபது. 'அம்புக்குறி காட்டிய வழியிலேயே வந்தேன். முதல் தடவையாக யார் உதவியும் இல்லாமல் கண்டுபிடித்தேன்.' என் கையெழுத்து. போன் என் கையிலதான் இருந்துச்சு, அத்தான்."

கடிகாரக்காரர் குடையைப் பெஞ்சில் சாய்த்துவைத்தார்.

"நான் எப்பத் தேடினாலும் அவ போன் பண்ணி க்ளூ கொடுத்துடுவா. இடது பக்கம் பாருடி, குனிஞ்சு பாருடின்னு. அன்னைக்கும் அதுக்குத்தான் கூப்பிடறான்னு நினைச்சேன். கண்டுபிடிச்சுட்டு நேரா போய்ச் சொல்லலாம்னு மூணு தரமும் கட் பண்ணேன்." அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். "பக்கத்தைக் கிழிச்சுடலாம்னா அவ நம்பர் போட்டு வச்சிருக்கா. கிழிக்கக் கையும் வரல. நீங்க பொண்ணை விட்டு வாசிக்கச் சொல்றேன்னதும் எனக்கு வேற வழி தெரியல."

கடிகாரக்காரர் கையை நீட்டினார். அவள் நோட்டைக் கொடுத்தாள். அவர் அட்டையை ஒருமுறை தடவிச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இதைத் தனியா சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

மங்கிய கண்கள், அவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. தையலம்மாவுக்கா? இல்லை, பில்லக்காவுக்கா? அன்றிலிருந்து பில்லக்கா அதைத் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

திங்கள், காலை 9.50.

ரயிலடிக்கு மூன்று பேர் வந்தார்கள். தையலம்மா வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கடிகாரக்காரர், "நோட்டு கிடைச்சுது, உன்னாலதான். நன்றிம்மா," என்றார். பில்லக்காவுக்கு அந்த நன்றியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதற்குப்பின் தையலம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. சனிக்கிழமைகளில் வேறு கடைக்குப் போகிறாள். அங்கே கூப்பன் செல்லாது. மாதம் ஒன்று கழித்துப் பில்லக்கா ஒரு பாவாடையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். கீழே மடித்துத் தைக்கவேண்டும் என்றாள். எத்தனை விரல் என்று கேட்டாள் தையலம்மா. இரண்டு விரல் என்றாள் இவள். மன்னிப்புக் கேட்கத்தான் அத்தனை தூரம் நடந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்வரை வாய் வரவில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே போன் அடித்தது. ஒரே மணிதான், எடுத்துவிட்டாள். "சொல்லுங்கத்தான்," என்று தையலம்மாவின் குரல். பிறகு நெடுநேரம் அவர் பேச, தையலம்மா உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். ஒரு தடவை லேசாகச் சிரித்தாள்.

என்ன பேசுகிறார்கள் என்று பில்லக்கா நின்று கேட்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள். இன்றுவரை யாரிடமும் விசாரிக்கவும் இல்லை.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் குரல் கொடுத்தாலும் "இதோ வந்துட்டேன்" என்று பதில் சொல்ல ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும். உங்கள் வீட்டாரின் குறைகள் நாலு சுவருக்குள்ளேயே பேசித் தீரட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள்.