காலி வீடா இருந்தா நல்லது

பேருந்து அவளை இறக்கிவிட்டுப் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வெயில் நன்றாகவே அடித்தது. தெருக்கோடியில் இருந்த அந்த மாடி வீட்டின் மேல் மட்டும் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழுந்து கிடந்தது. கதவில் பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஆள் உயிரோடுதான் இருக்கிறார். அந்த நிமிஷம் அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இங்கே வருவது அவள் வேலையே அல்ல. வீட்டை உடனே வாங்குகிறோம் என்று விளம்பரம் போடும் அலுவலகத்தில் அவள் போனோடு சரி. நம்பரும் விலாசமும் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சும்மா விலை விசாரிக்கிறவர் யார், விற்றே ஆகவேண்டிய நிலையில் இருப்பவர் யார் என்று பிரிக்க வேண்டும். முன்னவருக்கு அலுவலகத்தில் காய் என்று பெயர், பின்னவர் பழம். பிரிக்கிற அவளுக்கு வடிகட்டி என்று பெயர். அதை வைத்தது மாப்பிள்ளை. வீடு பார்க்கப் போகிற நாளெல்லாம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

வடிகட்டியிடம் ஒரு வித்தை உண்டு. "ஏன் விக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காது. பாகப்பிரிவினைச் சண்டை, உடைந்த கல்யாணம் என்று வீட்டுக் கதையெல்லாம் கொட்டிவிடுவார். கொட்டுகிறதில் பாதியைத்தான் அவள் நம்புவாள். பெற்ற தாய் நேரம் சொன்னாலும் கடிகாரத்தைப் பார்க்கிற பிறவி.

அன்று காலை பேசிய பெண் எதையும் கொட்டவில்லை.

வடிகட்டி காத்திருந்தாள். எதிர்முனையும் காத்திருந்தது. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. கடைசியில் தோற்றுப்போனது வடிகட்டிதான்.

"லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன். நீங்க நல்லாப் பேசறீங்க."

"வீட்டுல இப்ப யாரு இருக்காங்க?"

"வயசானவர் ஒருத்தர். வாயே திறக்க மாட்டார்."

வழக்கமாக எல்லோரிடமும் சொல்வதைத்தான் வடிகட்டி சொன்னாள். "காலி வீடா இருந்தா நல்லது மேடம். சீக்கிரம் முடிஞ்சுடும்."

"அப்படியா," என்றது குரல். "சரி, இன்னிக்கே காலி பண்ணிடறேன்."

போனை வைத்த பிறகுதான் அந்தப் பதில் அவளுக்கு உறைத்தது. மருமகளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாள். மாமனாருக்குத் தெரியாமல் வீட்டை விற்கப் பார்க்கிறவர்களை அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் யாரும் இவ்வளவு சாதாரணமாக "இன்னிக்கே" என்று சொன்னதில்லை. அந்த மனுஷருக்கு ஏதாவது ஆகிவிட்டால், யோசனை எடுத்துக் கொடுத்தவள் தான்தானே என்று நினைக்க நினைக்க இருப்புக் கொள்ளவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள்.

கதவைத் திறந்த பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விக்கறதுக்கு இல்ல" என்றார், ரகசியம் பேசுகிற குரலில்.

"நான் வாங்க வரலங்க ஐயா. உங்க மருமக எங்க?"

"எனக்குக் கல்யாணமே ஆகல. எந்தக் கம்பெனிம்மா நீ? இது என்ன புது நாடகம்?"

காலையில் போனில் பேசியதைப் பற்றி அவள் சொன்னாள். அவர் நம்பவில்லை. தனியாளாக இருக்கிறார் என்பதை அவளும் நம்பவில்லை. ஒருவரையொருவர் திருடரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வா, நீயே பாத்துக்கோ" என்று கடைசியில் அவரே வழிவிட்டார்.

கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் துடைத்து வைத்ததுபோல இருந்தன. மாடிப்படியில் பாதி ஏறும்போது மட்டும் ஒரு வாடை, பல காலம் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல. அந்த இடத்தைப் பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். கேட்டால் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. மேலே ஒரே அறை. அதில் ஒரு கட்டிலும் நாற்காலியும் இருந்தன, ஆள் இல்லை.

"பாத்தாச்சா?"

"அந்த நம்பரைக் கூப்பிடறேன் ஐயா. நீங்களே கேளுங்க."

ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடிக்கவே இல்லை.

"வந்துட்டீங்களா," என்றது குரல். "அந்த நாற்காலில உக்காராதீங்க. கால் ஆடும்."

அவள் கை நாற்காலியின் முதுகில் இருந்தது.

மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"யார் ஐயா இது?"

பெரியவரின் முகத்தில் ரத்தமே இல்லை. "தெரியாது. இந்தக் குரல நான் கேட்டதே இல்ல." அவள் காதுக்கருகே குனிந்தார். "எனக்கு வித்தவன், வீட்டுக்குள்ள அதிகமாப் பேசாதீங்கன்னான். ஏன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லாம சாவியக் குடுத்துட்டு ஓடினான். அதான் நான் பேசறதில்ல. ரேடியோவப் பேச விட்டிருக்கேன்."

கீழே ரேடியோ நின்றது.

படியில் இருந்த வாடை மேலே ஏறி வந்தது.

"கிளம்புங்க ஐயா."

"இது என் வீடும்மா. எங்க போறது?"

"கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா?"

"தங்கச்சி இருக்கா."

"அங்க போலாம். இப்பவே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் கால் தானாகத் தயங்கியது. அந்த இருட்டு மூலையில் துணி உரசும் சத்தம் கேட்டது. குறுகலான படியில் எதிரே வருகிறவர்களுக்கு நாம் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவோமே, அப்படி.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பெரியவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. அவரைத் தேற்ற வழி நெடுக அவள் பேசிக்கொண்டே வந்தாள். தன் வேலை, மாப்பிள்ளையின் சட்டை, அம்மா விட்டுப்போன இரண்டு அறை வீடு, அங்கே பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லாமல் போனது, எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை வாசலிலேயே திட்டத் தொடங்கி, திட்டிக்கொண்டே அண்ணனை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் வடிகட்டி வீட்டுக்குப் போய் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

மறுநாள் அலுவலகத்தில் அவள் நாற்காலியை இழுத்துப் போடும்போதே மாப்பிள்ளை சிரித்தான்.

"வடிகட்டி அக்கா, நேத்து நீங்க பிடிச்ச பழம் காயாயிடுச்சு. விக்கலையாம்."

"யாரு?"

"அந்தத் தெருக்கோடி மாடி வீட்டு லேடிதான். அந்த வீடு இனிமே வேண்டாமாம், யாரு வேணா இருந்துக்கட்டும்ங்கறாங்க. அவங்க வேற வீடு பாத்துக் குடிபோயிட்டாங்களாம். சின்ன வீடுதான், ஆனா நல்லாப் பேசற துணை கிடைச்சிருக்குன்னு ஒரே சந்தோஷம். உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணுமாம். லைன்லதான் இருக்காங்க, இந்தாங்க."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். எதிர்முனையில் பேச்சில்லை.

முதலில் ஒரு ஃப்ரிட்ஜ் இருமி இருமி ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், மேல்வீட்டுக் குழந்தை பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் தன் வீட்டில் அவள் காது கேட்டுப் பழகிய சத்தங்கள். இன்று வரும்போது கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துப் பூட்டிவிட்டுத்தான் வந்தாள்.

அவளுக்குப் போவதற்கு வேறு வீடு கிடையாது.

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். எதிர்முனையில் யாரோ பொறுமையாகக் காத்திருந்தார்கள்.