நாற்பது பிள்ளைகள் பள்ளி

ரேச்சல் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே கல் நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. திருவொற்றியூரில் கடல் கூப்பிடு தூரம்தான், ஈரம் ஏறாமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் சித்திரை வெயிலில், மதியம் இரண்டரை மணிக்கு, கருங்கல் வேர்த்து அவள் பார்த்ததில்லை.

பள்ளிவாசலை ஒட்டிய பழைய மதரசா அது. எழுநூறு வருஷத்துக் கட்டடம். மண்டபம் போலக் கல்தூண்கள், சன்னலுக்குப் பதில் கையகல ஓட்டைகள், வௌவால் நாற்றம், ஒரே ஒரு குண்டு பல்பு. பாடமெல்லாம் இப்போது புதுக் கட்டடத்தில். ஜமாத்தார் வரலாற்று மலர் போடுகிறார்கள். அதற்காகத் தரையிலிருக்கும் தமிழ்க் கல்வெட்டைப் படியெடுக்க வந்திருந்தாள். கல்வெட்டு என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கோடை லீவில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஆறு வயது மகள் ஜெமிமாவையும் கூட்டிவந்திருந்தாள். பாய் விரித்ததும் குழந்தை மூலையில் தூங்கிவிட்டது.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அத்தாவுல்லா வாசலோடு நின்றுகொண்டார்.

"இன்னா வேணா எய்திக்கோம்மா. அந்தக் கல்ல மட்டும் தட்டாத. தொடப்பத்தக் கூட நாங்க அங்க தட்ட மாட்டோம்."

"ஏன் பாய்?"

"ஓதிக்குடுக்குற ஹஜரத்து பெரம்பால மூணு தட்டு தட்டுனா பாடம் ஆரம்பம். அது அந்தக் காலத்து வயக்கம். அதுக்கு மேல எங்க நைனாவுக்கே தெரியாது."

சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார். ரேச்சலுக்குச் சிரிப்பு வந்தது. ஈரத் தாளைக் கல்மேல் ஒட்டி பிரஷ்ஷால் அடிக்காமல் எழுத்து எப்படிப் பதியும்? மெதுவாக அடித்தால் போயிற்று.

தட். தட். தட்.

பல்பு அணைந்தது. கரண்ட் போவது இந்தப் பக்கம் புதிதில்லை. செல்போன் வெளிச்சத்தைத் தரையில் சாய்த்து வைத்து, தாள் சற்றுக் காயக் காத்திருந்து, துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றினாள். கறுப்புக்கு நடுவே வெள்ளை எழுத்துகள் எழுந்தன. 'பிள்ளைகள் நாற்பதின்மர் பள்ளி.' எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. நாற்பது பிள்ளைகள் படித்த பள்ளி!

"அலிஃப்... பே... தே..."

புதுக் கட்டடத்தில் பிள்ளைகள் அரபு எழுத்து ஓதுகிறார்கள் என்று நினைத்தாள். இன்று வெள்ளிக்கிழமை, மதரசாவுக்கு லீவு என்பது பிறகுதான் உறைத்தது. சத்தம் அவள் முழங்காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

கை தானாக அடுத்த வரியை ஒற்றியது. 'கொண்டவிடம்.'

பள்ளி கொண்ட இடம். படித்த இடமில்லை, படுத்த இடம். நாற்பது பேரும் இங்கேதான் கிடக்கிறார்கள். அதற்கும் கீழே: 'கடல் ஏறிய அன்று. எழுப்பலாகாது.'

தரையெங்கும் தண்ணீர். செல்போன் நனைந்து அணைந்தது. சேற்று வாடை. இருட்டில் மூச்சு. ஒரு மூச்சில்லை, பல.

ஜெமி. மூலை எந்தப் பக்கம்?

தவழ்ந்தாள். சின்னக் கால் ஒன்று கையில் பட்டது. ஈரம். பக்கத்தில் இன்னொரு கால். இன்னொன்று.

"ஜெமி! ஜெமிம்மா!"

"ம்மா."

இரண்டு கைகள் எழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. வாரித் தூக்கினாள். வெளிச்சம் தெரிந்த பக்கம் ஓடினாள். தூணில் இடித்தாள். ஓடினாள். வெயில். சந்து. டீ கிளாசோடு அத்தாவுல்லா.

"தட்டிட்டேன் பாய்... எழுப்பிட்டேன்..."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் மண்டபத்தைப் பார்த்தார். கரண்ட் வந்திருந்தது.

"பாப்பா உள்ள ஓதிக்கினு கீது. நீ யாரத் தூக்கினு வந்தம்மா?"

ரேச்சல் திரும்பினாள். பல்பு வெளிச்சத்தில் ஜெமிமா. கண் மூடியிருந்தது. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே ஓதினாள். இடுப்புக்குக் கீழே அவளைக் காணோம். கல்தரை மட்டும் இருந்தது. கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஓட வேண்டும். ஓர் அடி எடுத்து வைத்தாள். கழுத்திலிருந்த கைகள் இறுகின.

"எம் பாடம் முடிஞ்சிருச்சும்மா" என்றது காதோரம் ஒரு குரல்.

உள்ளே, தரைக்கு மேலே, ஜெமிமாவின் உச்சந்தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.