நிக்கல் தகட்டில் குமிழ்த் தழும்பு

வெள்ளி காலை 10.15. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகர ஆய்வுகூடத்தில் கிளோறியா தொட்டியின் மூடியைத் திறந்தாள். முதல்நாள் மாலை அவள் நிக்கல் பூசிவைத்த கரித்தகடு பூச்சே இல்லாமல் கறுத்து நின்றது.

"பூசவே இல்லை. பொய்யாக அளவுகளை எழுதியிருக்கிறாள்," என்றார் பொறுப்பாளர் பிர்கிட். இரண்டு மணிக்குள் விளக்கம் வராவிட்டால் கிளோறியாவுக்கு வேலை இல்லை.

10.40. ஆய்வுகூட உதவியாளர் சுஜீவா கையுறை மாட்டினாள். எதையும் துருவிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை அவள். கரித்தகட்டின் ஓரம் உதிர்ந்து அடியில் தூள் கிடந்தது. எதிரே தொங்கிய நிக்கல் தகட்டில் ஊசி குத்தியதுபோல் குழிகள். வயரைக் கரித்தகட்டில் பிடித்த கவ்வியின் ஒரு பக்கத்தில் நான்காக மடித்த பழுப்புக் கடதாசி. அதில் ஒட்டியபடி ஒரு கசகசா விதை.

"நேற்று கடதாசி வைச்சனியே?"

"இல்லை அக்கா. நான் வைக்கிறதேயில்லை."

11.30. அடுத்த மேசையில் வேறொரு பூச்சைச் சோதிக்கும் கஜரூபன், சுஜீவாவின் கணவன். அவனிடம் போய்க் கேட்டாள்.

"எத்தினை மணிக்கு வந்தனீங்கள்?"

"ஏழரைக்கு. வெள்ளிக்கிழமையில எல்லாருக்கும் பாண் வாங்கி வைக்கிறது இண்டைக்கு என்ர முறையெல்லே."

"தொட்டியைத் தொட்டனீங்களோ?"

"இல்லை."

மற்றவர்கள் ஒன்பதுக்குத்தான் வந்தார்கள். பத்தேகால் வரை எல்லோரும் சாப்பாட்டு மேசையில். சுஜீவாவின் மனம் மரத்துப்போனது.

1.50. நால்வரும் கூடினார்கள். சுஜீவா டேனிஷில் சொன்னாள்:

"பூசும்போது ஹைட்ரஜன் குமிழ் கரித்தகட்டில்தான் வரும். குமிழ் ஒட்டிய இடத்தில் நிக்கல் படியாது, குழி விழும். இங்கே குழி நிக்கல் தகட்டில் இருக்கிறது. யாரோ வயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார். பூச்சு கழன்று அங்கே திரும்பிப் போயிருக்கிறது. பிறகு கரியும் உதிர்ந்திருக்கிறது."

"யார்?" என்றார் பிர்கிட்.

"இந்தக் கடதாசி இன்று காலை வந்த பாண் பை, அந்தப் பாணில் தூவியிருந்த கசகசா இதில் ஒட்டியிருக்கிறது. கவ்வியின் பல் கரியை உடைக்காதிருக்க இப்படி மடித்து வைப்பவர்கள் இங்கே இரண்டு பேர். ஒருவர் நான், ஒன்பது மணி பஸ்ஸில் வந்தேன். மற்றவர் கஜரூபன்."

கிளோறியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கஜரூபன் சுஜீவாவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்:

"அவளின்ர பூச்சு சரிவந்தா என்ர வேலையை நிப்பாட்டிப்போடுவினம், சுஜி."

"தெரியும். அழிக்க வந்த தகட்டுக்கு ஏன் கடதாசி வைச்சனீங்கள்?"

"கைப்பழக்கம். நீதானே காட்டித் தந்தனி."

அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

நாலு மணிக்கு அவன் வாசலில் கார்த் திறப்பைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"நீங்கள் போங்கோ," என்றாள். "நான் பஸ்ஸில வாறன்."