உலகம்மையின் வயிறு கல்யாணத்துக்குப் போன கதை

விடியும் முன்னே உலகம்மையின் உடம்பு பல் துலக்கி, ஓட்டச் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு நடைக்குப் போனது. உலகம்மை போகவில்லை. அவள் அடுக்களைச் சுவரில் பதித்த பெட்டிக்குள் இருந்தபடி, எதிர்வீட்டுக்காரியோடு முந்தின நாள் பாதியில் விட்ட சண்டையை, பெட்டிகளை இணைக்கிற கூட்டுத்திரையில் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

தென்காசியில் இதெல்லாம் அதிசயமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. காலையில் ரத வீதியில் எட்டிப் பார்த்தால் தெரு நிறைய உடம்புகள் கை வீசி நடக்கும். ஒன்றிலும் ஆள் இருக்காது. ஆளெல்லாம் வீட்டில், சிரட்டை அளவுப் பெட்டிக்குள் இருக்கும். மனத்தைத் தனியே பிரித்து வைக்கிற அந்தப் பெட்டிக்குப் பிரிகூடு என்று பெயர். அந்த நேரத்துக்கு உடம்பில் ஏறி அதை ஓட்டி, வளைத்து, வியர்க்க வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற இயந்திர அறிவுக்கு உடலோட்டி என்று பெயர். ‘வலி உடம்புக்கு, வனப்பு உங்களுக்கு’ என்று ஊரெல்லாம் விளம்பரம். மனிதன் தன் வேலையை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுக் கொழுத்தான். கொழுத்ததைக் கரைக்கிற வேலையையும் அதனிடமே கொடுத்தான். வாழைப்பழச் சோம்பேறி என்பார்களே, அவன்கூடப் பழத்தைத் தானேதான் மென்றான்.

உடம்பு திரும்பி வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தது. ஓட்டி இறங்கிப் பெட்டிக்குள் போக, உலகம்மை உடம்புக்குள் ஏறினாள். ஏறியதும் இஞ்ச் டேப்பை எடுத்துத் தொப்புளுக்குக் கீழே சுற்றினாள். அப்புறம் இடுப்பில் சுற்றினாள். நேற்று இருந்த அளவு அப்படியே இருந்தது.

“ஏ ஓட்டி! எந்த பஜ்ஜிக் கடையில நின்ன?” என்று கத்தினாள்.

“எங்கயும் நிக்கலம்மா. குத்துக்கல்வலசை வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன்,” என்றது பெட்டிக்குள்ளிருந்து ஓட்டி.

“பொய் சொல்லாத, செத்த மூதி! மூஞ்சியப் பாரு, கன்னம் ஒட்டிப் போச்சு. கையப் பாரு, வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது. கேட்ட எடத்துல ஒரு பிடி குறைக்க உனக்குத் துப்பில்ல. கேக்காத எடத்தையெல்லாம் சுரண்டி எடுத்துட்ட!”

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் செண்பகவல்லி. புருஷன் திரவியத்துக்குக் கூடப் பிறந்த அக்காள். போன வருஷம் ஒரு வளைகாப்பில், ஊர்ப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, அந்த மகராசி இவள் வயிற்றைப் பார்த்து, “உலகு, உனக்கும் சேத்து வளையல் போட்டுரலாமா? எத்தன மாசம்?” என்று கேட்டாள். உலகம்மைக்கு அப்போது வயது நாற்பத்தாறு. கூடமே சிரித்தது. வளையல்காரனும் சிரித்தான். அன்றைக்கே அவள் மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். ஆவணியில் செண்பகவல்லி மகனுக்குக் கல்யாணம். அந்த மண்டப வாசலில் ஒட்டிய வயிற்றோடு போய் நிற்க வேண்டும். மதினியின் முகம் கறுத்துச் சுருங்குவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அவளுக்குச் சாமியிடம் கேட்க ஒன்றும் இல்லை.

“அம்மா, கோவப்படாம கேளுங்க,” என்றது ஓட்டி. “கொழுப்பு செல் ஒவ்வொண்ணும் ஒரு நெல்லுக் குதிருன்னு வெச்சுக்கங்க. அதுல திறப்பான் ஒண்ணு, பூட்டுவான் ஒண்ணு, ரெண்டு வகை வாசல் இருக்கு. உடம்புக்குச் சக்தி வேணும்னா ரத்தத்துல ஒரு சுரப்பு போய்த் தட்டும். கன்னத்துலயும் கையிலயும் திறப்பான் ஜாஸ்தி, தட்டுன உடனே திறந்து குடுத்துடும். அடிவயித்துலயும் இடுப்புலயும் தொடையிலயும் பூட்டுவான்தான் ஜாஸ்தி. அங்க ரத்த ஓட்டமும் கம்மி. சேதி போறதும் தாமதம், சரக்கு வெளிய வர்றதும் தாமதம். ஒரு எடத்த மட்டும் பாத்துக் குறைக்க என்னால முடியாது. மொத்தமா குறையும்போது அது கடைசியாத்தான் போகும்.”

“எவன் வெச்சான் அந்தப் பூட்ட?”

“பஞ்சம் வெச்சதும்மா. பட்டினியிலயும் பிள்ளைய சுமக்கணும், பால் குடுக்கணும்னு பெண்ணுடம்பு இடுப்புல ஒளிச்சு வெச்ச சேமிப்பு அது. தாது வருஷப் பஞ்சத்துல உங்க வம்சத்துப் பொம்பளைங்க பிழைச்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்.”

“இப்ப எங்கடே பஞ்சம்? ஒம்பது வகை பலகாரம் குழாயில வருது!”

“உடம்புக்கு அது தெரியாதேம்மா.” ஓட்டி கொஞ்சம் தயங்கியது. “இன்னொண்ணும் இருக்கு. சொன்னா திட்டுவீங்க. நான் உடம்புல இருக்கற நேரம் அது அமைதியா இருக்கு. நீங்க ஏறுன உடனே கோபச் சுரப்பு பொங்குது. ஆபத்து வந்துடுச்சுன்னு நினைச்சு உடம்பு வயித்துல இன்னும் சேர்த்து வைக்குது. நான் காலையில எடுக்கறத நீங்க சாயங்காலத்துக்குள்ள திரும்பப் போட்டுடறீங்க.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உலகம்மை வாய்விட்டே சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே தைத்துவிட்டது. மறுநாள் உடம்பு நடை முடிந்து வந்து கையை நீட்டியபோது அவள் ஏற மறுத்துவிட்டாள்.

“நான் ஏறுனாத்தான வயிறு ஏறுது? கல்யாணம் வரைக்கும் உடம்புல நீயே கெட. எனக்கு அந்த வயிறு போயாகணும்.”

திரவியம் பேப்பர்த் திரையை மடக்கிவிட்டு நிமிர்ந்தார். “ஏட்டி, என்ன வெளையாட்டு இது? வீட்டுல எனக்கு யாரு இருக்கா?”

“உடம்பு இருக்கும்லா. உங்களுக்கு அது போதும்,” என்றாள் உலகம்மை பெட்டிக்குள்ளிருந்து.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தம் அடங்கியது. ஓட்டி நேரத்துக்குச் சமைத்தது, அளவாகச் சாப்பிட்டது, நேரத்துக்குத் தூங்கியது. திரவியம் ஒரே கதையை மூன்றாம் தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டது. முதல் வாரம் அவர் அந்த உடம்பைப் பார்த்துக் கூச்சப்பட்டார். இரண்டாம் வாரம் சிரித்துப் பேசினார். மூன்றாம் வாரம், உலகம்மை பெட்டிக்குள்ளிருந்து, “அந்த மூதிகிட்ட என்ன இளிப்பு?” என்று கத்தியபோது, எழுந்து போய்ப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உலகம்மைக்கு அழ வேண்டும் போல் இருந்தது. பிரிகூட்டில் கண்ணீர் கிடையாது. வயிற்றெரிச்சல் மட்டும், வயிறு இல்லாமலே, எரிந்துகொண்டிருந்தது.

ஆனால் வயிறு கரைந்தது. முதலில் பக்கங்கள் போயின, பிறகு முதுகுச் சதை போனது. கடைசியில், ஆடி முடியும் சமயத்தில், தொப்புளுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்த வீம்புபிடித்த மேடு மெல்ல இறங்கியது. உலகம்மை தினமும் உடம்பைக் கண்ணாடி முன் திருப்பித் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். படம் எடுத்துச் சொந்தக்காரர் திரையில் போட்டாள். செண்பகவல்லி ஒரு படத்துக்கும் ஒரு சொல் எழுதவில்லை. எரியுதுடி அவளுக்கு, நல்லா எரியட்டும் என்று உலகம்மை பூரித்துப் போனாள்.

கல்யாண நாள் காலையில், பட்டுச்சேலை கட்டி மல்லிகை வைத்துத் தயாராக நின்ற உடம்பில் அவள் ஏறினாள். ஏறிய மறுகணம் திடுக்கிட்டாள். பசி! இத்தனை நாள் மறந்தே போயிருந்த பசி, பிடரியைப் பிடித்து உலுக்கியது. கையும் காலும் குளிர்ந்து கிடந்தன. ஓடிப்போய் இரண்டு இட்டிலியைச் சட்னிகூடத் தொடாமல் விழுங்கினாள். விழுங்கிவிட்டு வயிற்றைத் தொட்டாள். லேசாக உப்பியது போல் இருந்தது.

“ஏ ஓட்டி! திரும்ப வருது!”

“அது இட்லிம்மா, கொழுப்பு இல்ல.”

“கொழுப்பு போயிருச்சுல்லா? குதிரெல்லாம் செத்திருச்சா?”

ஓட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. “குதிர் சாகாதும்மா. காலியா சுருங்கிக் கெடக்கும். பழையபடி இருந்தா மறுபடி நிரம்பும். ஆனா ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. நீங்களே போங்க. இதுக்காகத்தானே இவ்வளவு நாள் காத்திருந்தீங்க?”

“ஒண்ணும் ஆயிடாதுன்னு சொல்லித்தான் எல்லாம் ஆவுது,” என்றாள் உலகம்மை. மண்டபத்தில் பாயசம் போடுவார்கள். இந்தப் பசிக்கு முன்னால் அவளால் நிற்க முடியாது. மதினியைக் கண்டதும் ஆத்திரம் வேறு வரும். ஒரு வருஷம் பாடுபட்டதை ஒரு வேளையில் கெடுப்பதா? அவள் பெட்டியில் கையை வைத்தாள். “நீயே போ. நேரா அவ முன்னால போய் நில்லு. உன் கண்ணு வழியா அவ மூஞ்சிய நான் இங்கருந்து பாத்துக்கிடுதேன்.”

திரவியம் உடம்பைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மண்டப வாசலில் செண்பகவல்லி பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தாள். உலகம்மை பெட்டிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அடக்க மூச்சு இல்லை, பழக்கதோஷம். மதினி இவள் உடம்பை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் கறுக்கவில்லை. வாய் நிறையச் சிரித்தாள்.

“வாங்கம்மா, வாங்க. ரொம்ப அழகா இருக்கீங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்.”

உலகம்மைக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செண்பகவல்லி அவளை ‘வாங்க’ என்று சொன்னதே இல்லை. அப்போதுதான் கவனித்தாள். மதினியின் தொந்தியையும் காணவில்லை.

“ஏ ஓட்டி, அவளுக்கு என்ன வந்துச்சு?”

“அது அவங்க இல்லம்மா,” என்று ஓட்டி மெதுவாகச் சொன்னது. “அவங்களும் வீட்டுல பெட்டிக்குள்ளதான் இருக்காங்க. உங்களப் பாத்ததும் ஒண்ணு சொல்லச் சொன்னாங்களாம். அவங்க ஓட்டிக்கு அத வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா இருந்துச்சாம், என்கிட்ட தனியா சொல்லுச்சு. சொல்லவா?”

“சொல்லித் தொல.”

“‘என்ன இது, சீக்குக்கோழி மாதிரி ஆயிட்டா, என்ன நோயோ’ன்னு.”

“சண்டாளி! அதச் சொல்லும்போது அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு கேளு!”

“பெட்டிக்கு மூஞ்சி கிடையாதேம்மா.”

உலகம்மை கொதித்துப் போனாள். “அவள உடம்புக்குள்ள ஏறிட்டு வரச் சொல்லு! வந்து என் வயித்த நேருக்கு நேரா பாக்கச் சொல்லு!” ஓட்டி மதினியின் ஓட்டியிடம் சொன்னது. பதிலும் உடனே வந்தது. “‘முதல்ல அவள ஏறச் சொல்லு, நான் பின்னால ஏறுதேன்’னு சொல்றாங்கம்மா.” முதலில் ஏறுகிறவளுக்குத்தான் முதலில் வயிறு வரும் என்று இருவருக்கும் தெரியும். ஒருத்தியும் ஏறவில்லை.

ஓட்டியின் கண் மண்டபத்தைச் சுற்றி வந்தது. வரிசை வரிசையாக ஒட்டிய வயிறுகள், நிமிர்ந்த முதுகுகள், கனிந்த சிரிப்புகள். திரவியத்தைப் போல நாலைந்து கிழங்களைத் தவிர ஒருத்தரும் வந்திருக்கவில்லை. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும்கூட, படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று, அவரவர் வீட்டில் பெட்டிக்குள் இருந்தார்கள். கெட்டிமேளம் முழங்க ஓர் ஓட்டி இன்னோர் ஓட்டிக்குத் தாலி கட்டியது. எல்லாம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் உலகம்மையின் உடம்பும் செண்பகவல்லியின் உடம்பும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தன. ஒன்றுக்கொன்று அப்பளத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு கரண்டி பாயசம் ரசித்துச் சாப்பிட்டு, கூடப்பிறந்தவர்கள் போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தன. ஊர்ப் பெட்டிகளெல்லாம் ஒரே நேரத்தில், “தின்னாத! தின்னாத!” என்று அலறிக்கொண்டிருந்தன.

மத்தியானம் திரவியம் வீட்டுக்கு வந்தார். வெற்றிலை போட்ட வாயோடு பெட்டியின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குறைத்து வைத்திருந்த சத்தத்தை அவரே கூட்டினார்.

“கல்யாணம் ரொம்ப நல்லா நடந்துச்சு, உலகு. அக்காவும் நீயும் ஒண்ணா உக்காந்து சிரிச்சதப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிட்டு. முப்பது வருஷமா பாக்காத காட்சி. நீயும் வந்திருந்தா நல்லாருந்திருக்கும்ட்டி.”



“அத விடுங்க,” என்றாள் உலகம்மை. “பக்கவாட்டுல எடுத்த படம் ஏதாவது இருக்கா? வயிறு தெரியுதான்னு பாக்கணும்.”